ஓடுகிற லிஃப்டை நிறுத்திப் பார்ப்பவன்

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான் நலம். அங்கே நீங்கள் இருவரும் நலமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் நீ நலமில்லை என்று எனக்குத் தெரியும். அதனால் உன் விஷயத்தில் அந்த முறையை விட்டுவிடுகிறேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே, "அக்கா, லிஃப்ட் குழிக்குள்ள இருக்கேன், சிக்னல் இல்ல" என்று வைத்துவிடுகிறாய். ஞாயிற்றுக்கிழமைகூட உனக்குக் குழிதான். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. வைத்தாலும் மேசையில் கிடந்து உன்னை முறைத்துக்கொண்டிருக்கும்.

உன் வீட்டுக்காரி எல்லாம் சொன்னாள். மூன்று மாதமாக ரத்தம் போகிறதாம், கேட்டால் மூலம் என்கிறாயாம். அவளைத் திட்டாதே. அப்பாவும் மூலம் என்றுதான் சொன்னார். சித்தப்பாவும் அதையேதான் சொன்னார். இரண்டு பேருக்கும் பெருங்குடலில் புற்று என்று தெரிந்தபோது டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். அப்பா போனது நாற்பத்துநாலு வயதில். உனக்கு இப்போது நாற்பத்தொன்று.

நீ லிஃப்ட் மெக்கானிக். மாதாமாதம் ஓடுகிற லிஃப்டை நிறுத்தி, கயிற்றில் இழை பிரிந்திருக்கிறதா, பிரேக் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கிறாய். "நல்லாத்தானே ஓடுது, ஏன் நிறுத்தறீங்க?" என்று ஒருவர் சண்டைக்கு வந்தபோது என் எதிரிலேயே என்ன சொன்னாய்? "கயிறு அறுந்தப்பறம் பாக்கறதுக்கு மெக்கானிக் எதுக்கு சார், ஆம்புலன்ஸ் போதும்." அந்த நியாயம் உன் வயிற்றுக்குக் கிடையாதா?

எங்கள் ஆய்வகத்திலிருந்து இரண்டு பெட்டி வரும். ஒன்று உனக்கு, ஒன்று அவளுக்கு. ஒவ்வொன்றிலும் மலத்துக்கு ஒரு குழாய், எச்சிலுக்கு ஒரு குழாய். மலத்தில் என்னென்ன பாக்டீரியா இருக்கிறது என்று நாங்கள் பார்ப்போம். எச்சிலில் ஜீனைப் பார்ப்போம். நம் குடும்பத்தில் ஓடுகிற பிழை எந்த இடத்தில் என்று தெரியும், அந்த ஓர் இடத்தைப் பார்த்தால் போதும். அவளுக்கு ஏன் என்று கேட்பாய். அவள் நம் ரத்தமில்லை, ஆனால் உன்னோடு ஒரே வீட்டில் ஒரே சாப்பாடு சாப்பிடுகிறாள். எது ரத்தத்தால் வருகிறது, எது வீட்டால் வருகிறது என்று பிரித்துப் பார்க்க அப்படி ஒரு ஆள் வேண்டும்.

அதோடு, ரத்தம் போகிறவன் டாக்டரிடம் போய்க் குடலுக்குள் குழாய் கேமரா விட்டுப் பார்க்கத்தான் வேண்டும். பெட்டி அதற்குப் பதில் இல்லை.

உன் அக்கா


பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி. நலம், நலம், நலம். மூன்று தடவை எழுதினால் நம்புவாயா?

பெட்டி வந்தது. பிறந்தநாளுக்குச் சட்டை அனுப்புகிற அக்காக்களைப் பார்த்திருக்கிறேன். காலிக் குழாய் அனுப்பி நிரப்பிக் கொடு என்கிற அக்காவை இப்போதுதான் பார்க்கிறேன். கூரியர்காரன் "உள்ள என்ன சார்?" என்றான். "எங்க அக்காவோட பாசம்" என்றேன்.

எனக்கு இருப்பது மூலம்தான். நாள் முழுக்க ஓட்டை வேனில் உட்கார்ந்து ஊர் சுற்றுகிறவனுக்கு வேறென்ன வரும்? அப்படியே நீ சொல்வது போல எல்லாம் பாக்டீரியாவால் என்றால், அதற்கும் வழி செய்துவிட்டேன். மருந்துக் கடையில் நல்ல பாக்டீரியா மாத்திரை விற்கிறது. ஒரு டப்பா வாங்கிவிட்டேன். ஒரு மாத்திரையில் கோடிக்கணக்கில் இருக்கிறதாம். அவ்வளவு பெரிய சேனையை இறக்கியிருக்கிறேன், நீ ஏன் கவலைப்படுகிறாய்?

ஒன்று கேட்கிறேன். ஊருக்கு உபதேசம் செய்கிறாயே, நீ பார்த்துக்கொண்டாயா? உனக்கும் அதே அப்பாதானே?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


மார்ச் 5

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீ என்னைச் சிரிக்க வைத்தால் நான் விஷயத்தை மறந்துவிடுவேன் என்று சின்ன வயதிலிருந்தே நினைக்கிறாய். மறக்கவில்லை.

உன் சேனையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கடை மாத்திரையில் வருகிறவர்கள் விருந்தாளிகள். வருவார்கள், நாலு நாள் இருப்பார்கள், போய்விடுவார்கள். உன் குடலில் பரம்பரையாகக் குடியிருக்கிறவர்களைக் கிளப்ப அவர்களால் ஆகாது.

இனி கவனமாகப் படி, மறுபடி மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. நம் உடம்பில் ஒவ்வொரு செல்லும் பிரியும்போது அதன் ஜீனைப் பிரதி எடுக்கிறது. பிரதியில் பிழை வரும். அதைத் திருத்தவென்றே ஒரு ஆள் உள்ளே இருக்கிறான். நம் குடும்பத்தில் சிலருக்கு அந்த ஆள் பிறவியிலேயே அரைத் தூக்கம். அப்பாவிடமிருந்து அது வந்திருக்கவும் வாய்ப்பு, வராமலிருக்கவும் வாய்ப்பு, பாதிக்குப் பாதி.

பாக்டீரியா வேறு கதை. பெரும்பாலானவை சாது. சில மட்டும் விஷத்தைச் சுரந்து ஜீனையே அறுக்கும். சில குடல் சுவரை ஓயாமல் புண்ணாக்கி வைக்கும். திருடன் தெருவில் நடப்பதால் மட்டும் எல்லா வீட்டிலும் திருட்டுப் போவதில்லை. காவல்காரன் தூங்குகிற வீட்டில் அவன் நுழைந்தால்தான் ஆபத்து. இரண்டில் எதற்கு எவ்வளவு பங்கு, எது முதலில் என்பது எங்களுக்கே இன்னும் முழுசாகத் தெரியாது. அதைத் தேடத்தான் நான் நாள் முழுக்க முகமூடி போட்டுக்கொண்டு ஊரார் மலத்தோடு மல்லுக்கட்டுகிறேன். ஆனால் ஒன்று தெரியும். புற்று திடீரென்று வருவதில்லை. முதலில் குடல் சுவரில் சின்ன மொட்டாக முளைக்கும். மொட்டிலேயே கிள்ளிவிட்டால் தீர்ந்தது. கிள்ள ஒரு காலை நேரம் போதும்.

இதற்கு மேல் உனக்கு எப்படிச் சொல்வது? செவிடன் காதில் சங்கு ஊதினாலாவது பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கேட்கும்.

குழாய்களை நிரப்பி அனுப்பு. டாக்டரிடம் போ.

உன் அக்கா


மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். ஆணை நிறைவேறியது. நாலு குழாயும் இன்று காலை கூரியரில் போய்விட்டது. இனி என்னைத் திட்டக் காரணம் கிடையாது.

டாக்டரிடம் போக நேரமில்லை. புதிதாகப் பதினொரு மாடிக் கட்டடம் ஒன்றின் பராமரிப்பு கிடைத்திருக்கிறது. அங்கே லிஃப்ட் ஏழாவது மாடியில் மட்டும் கதவைத் திறந்து திறந்து மூடுகிறது. எனக்கே பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது.

நீ பார்த்துக்கொண்டாயா என்று போன கடிதத்தில் கேட்டேன். பதிலைக் காணோம். குப்பைக் கூடையில் விழுந்துவிட்டதோ?

உன் தம்பி


ஜூன் 11

அன்புள்ள தம்பிக்கு,

நலம். பதில் எழுத இவ்வளவு நாளானதற்குக் கோபிக்காதே. ஆய்வகத்தில் ஆள் பற்றாக்குறை, நடுவில் குளிர்பெட்டி வேறு பழுது. போனை எடுக்கக்கூட நேரமில்லை. பேனாவில் மை தீர்ந்துவிட்டது, அதனால் பென்சில். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

நல்ல செய்தி. உன் எச்சில் குழாயில் அந்தப் பிழை இல்லை. இல்லவே இல்லை. இங்கே ஒரு டாக்டர் அதைச் சொன்னதும் நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். நம் வீட்டில் ஒரு ஆளாவது தப்பித்தது. இந்த வருடம் எனக்குக் கிடைத்த நல்ல சேதி இது ஒன்றுதான், தம்பி.

ஆனாலும் ரத்தத்துக்குக் காரணம் என்ன என்று பார்க்கத்தான் வேண்டும். அதை விடாதே.

இன்னொரு வேடிக்கை. உங்கள் இருவர் குடலிலும் பாக்டீரியா அச்சு அசல் ஒன்றாக இருக்கிறதாம். ஒரே வீட்டில் இருக்கிறவர்களுக்குக் கொஞ்சம் ஒத்துப்போகும், ஆனால் இப்படி ஒரு தம்பதியை எங்கள் ஆய்வகத் தலைவர் பார்த்ததே இல்லையாம். கட்டுரையில் உங்களுக்கென்று தனிப் பத்தி எழுதப் போகிறார். அவ்வளவு ஒற்றுமையான தம்பதி என்று நானும் இத்தனை நாள் நினைக்கவில்லை.

நான் குடியிருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் நின்று பத்து நாளாகிறது. மூன்றாம் மாடியிலேயே அடைந்து கிடக்கிறேன். மூச்சு முட்டுகிறது. நீ பக்கத்தில் இருந்தால் காதைப் பிடித்து இழுத்து வந்திருப்பேன்.

உன் அக்கா


ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நான்தான் சொன்னேனே! மூலம் என்றால் மூலம். நீயும் உன் காவல்காரனும் திருடனும்! கடிதத்தை இவளிடம் படித்துக் காட்டினேன். சிரிப்பாள் என்று பார்த்தால், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பெண்களை யார் கண்டது.

ஒரு சின்ன உதவி. உங்கள் தலைவரிடம் அந்தத் தனிப் பத்தியை மட்டும் எழுத வேண்டாம் என்று சொல்லேன். எங்கள் ஒற்றுமை ஊரெல்லாம் தெரிந்தால் கண்ணு பட்டுவிடும்.

நீ எப்போதிலிருந்து லிஃப்டில் ஏறுகிறாய்? "உன் டப்பாவுக்குள்ள அடைபட நான் என்ன மளிகைச் சாமானா?" என்று பத்து மாடியையும் படியில் ஏறுகிறவள் ஆச்சே நீ. வயசாகிறது போல. உங்கள் லிஃப்ட் எந்தக் கம்பெனி, என்ன சத்தம் வருகிறது என்று எழுது. இங்கிருந்தே சொல்கிறேன்.

கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது. ஒரு பேனா வாங்கிக்கொள்.

உன் தம்பி


ஜூலை 2

தம்பி,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

நேற்று ஆய்வகத்திலிருந்து கூப்பிட்டார்கள். தலைவர் அந்தத் தனிப் பத்தியை எழுதுமுன் எதற்கும் இன்னொரு முறை சரிபார்ப்போம் என்று நாலு குழாயையும் மறுபடி சோதித்திருக்கிறார். உன் பெயர் ஒட்டிய எச்சிலுக்குச் சொந்தக்காரர் ஒரு பெண். மலத்துக்குச் சொந்தக்காரரும் அதே பெண். நாலு குழாயிலும் ஒரே ஆள்! அச்சு அசல் ஒன்றாக இல்லாமல் வேறெப்படி இருக்கும்?

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனைக் கேள்விப்பட்டிருக்கிறேன். பெண்டாட்டியின் மலத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறவனை உலகத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். தலைவர் என்னிடம் சிரிக்கக்கூட இல்லை. "பரவாயில்லம்மா, மனுஷங்க பயப்படத்தான் செய்வாங்க" என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

அந்த ஒரு வரியை நம்பி மூன்று வாரம் நிம்மதியாகத் தூங்கினேன். அந்தத் தூக்கத்தையும் கெடுத்துவிட்டாய். உன் குடலில் என்ன இருக்கிறது, உன் ஜீனில் என்ன இருக்கிறது, எதுவும் தெரியாமல் அரை வருடம் போய்விட்டது. ரத்தம் மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது.

இத்துடன் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். நம் குடும்பத்துப் பிழை இருக்கும் இடம் அதில் இருக்கிறது. ஊரில் உள்ள டாக்டரிடம் அதைக் கொடு, அவர் பார்க்கட்டும். இனி எனக்கு எதையும் அனுப்பாதே. டாக்டரிடம் போகாமல் எனக்குக் கடிதமும் எழுதாதே.

அக்கா


ஜூலை 9

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுவது. நாங்கள் இருக்கிறோம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? போனில் உங்கள் குரல் கேட்டே மாசக்கணக்காகிறது.

என் மேலும் தப்பு இருக்கிறது. அன்று குழாய்களை எடுத்துக்கொண்டு வந்து, "எங்க அக்காதான எழுதியிருக்கா, ஒரே வீடு, ஒரே சாப்பாடுன்னு. உன்னோடதையே எல்லாத்துலயும் போட்டுடு, என்ன பெரிய வித்தியாசம் வரப்போகுது?" என்றார். நானும் இவருடைய நச்சரிப்பு விட்டால் போதும் என்று போட்டுத் தொலைத்தேன். நீங்கள் அழுதீர்கள் என்று படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

உங்கள் கடிதம் வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு சண்டை போட்டேன். அசையவில்லை. அப்புறம் வேனிலிருந்து, "பழுது, பயன்படுத்தாதீர்கள்" என்று இவர் லிஃப்டில் மாட்டுகிற பலகையை எடுத்துவந்து, இவர் உட்கார்கிற நாற்காலியில் மாட்டினேன். கட்டிலில் மாட்டினேன். சாப்பாட்டுத் தட்டிலும் வைத்தேன். "என்னடி இது?" என்றார். "சோதிக்காத எதையும் இந்த வீட்டுல ஓட விடமாட்டேன்" என்றேன்.

அப்போதுதான் வாயைத் திறந்தார், அண்ணி. "பாத்துட்டா இருக்குன்னு ஆயிடும்டி. பாக்காத வரைக்கும் இல்லதான? எங்கப்பாவும் பாக்கற வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு" என்றார். இத்தனை வருடத்தில் இவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் நானே கூட்டிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரி வாசலில் வேனை விட்டு இறங்க மாட்டேன் என்றார். நான் இறங்கி, சாவியையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். வெயில் தாங்காமல் தானாக வந்தார். அடுத்த மாதம் குழாய் விட்டுப் பார்க்க நாள் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் சீட்டையும் கொடுத்து ரத்தம் எடுத்தாகிவிட்டது. இந்தத் தடவை ரத்தம் இவருடையதுதான். நான் பக்கத்திலேயே நின்றேன்.

தங்கள்
தம்பி மனைவி


ஆகஸ்ட் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமா இல்லையா என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். முதல்நாள் முழுக்க உப்புத் தண்ணீர் மாதிரி ஒரு மருந்தைக் குடிக்க வைத்தார்கள். அதன்பின் நான் வசித்த இடத்தைப் பற்றி எழுத வேண்டாம். மறுநாள் பார்த்தார்கள். உள்ளே இரண்டு மொட்டு இருந்தது. இரண்டையும் அங்கேயே கிள்ளி எடுத்துவிட்டார்கள். ஒன்று கெட்டுப்போகிற வழியில் இருந்ததாம், இன்னும் புற்றாகவில்லை. "இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சு வந்திருந்தா நாம வேற பேச்சு பேசிட்டிருப்போம்" என்றார் டாக்டர். ஜீனில் அந்தப் பிழை எனக்கும் இருக்கிறது. இனி வருடா வருடம் பார்க்க வேண்டும். பார்த்துக்கொள்கிறேன், லிஃப்டைப் பார்ப்பது மாதிரி.

நீ ஜெயித்துவிட்டாய். உன் காலில் விழுந்து கும்பிடலாம் என்றுதான் பேப்பரை எடுத்தேன். ஆனால் இப்போது எனக்கு வருகிற கோபத்துக்கு அளவில்லை.

உன் சீட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் கேட்டார், "இந்த இடத்த மட்டும் பாருங்கன்னு எழுதியிருக்கே. மொதல்ல உங்க குடும்பத்துல யாருக்குக் கண்டுபிடிச்சாங்க?"

"அப்பாவுக்கு சார்."

"எப்ப இறந்தார்?"

"நான் ஸ்கூல் முடிக்கறப்போ."

"அப்ப இந்தப் பக்கமெல்லாம் இந்தச் சோதனையே கிடையாதே. இது சமீபத்துல பாத்தது. நோய் வந்த யாரோ ஒருத்தருக்குப் பாத்து, எடத்தைக் கண்டுபிடிச்சப்பறம்தான் மத்தவங்களுக்கு இப்படி ஒரே எடத்தத் தேட முடியும். யார் அது?"

சித்தப்பா அப்பாவுக்கு முன்னாலேயே போய்விட்டார். அவருக்குப் பிள்ளையில்லை. நம் வீட்டில் மிச்சம் இருப்பது இரண்டே பேர்.

வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை எடுத்துப் படித்தேன். நீ பார்த்துக்கொண்டாயா என்று இரண்டு தடவை கேட்டிருக்கிறேன். ஒரு தடவைகூடப் பதில் இல்லை. ஏப்ரல், மே முழுக்கச் சத்தமே இல்லை. அப்புறம் பென்சில், கோழி கிளறின எழுத்து. படியில் பறக்கிறவள் லிஃப்ட் இல்லாமல் மூன்றாம் மாடியில் அடைந்து கிடக்கிறாள். உன் ஆய்வகத்திலிருந்து உன்னையே "கூப்பிட்டு" சேதி சொல்கிறார்கள். "நம் வீட்டில் ஒரு ஆளாவது தப்பித்தது" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு நான் கண்ணு படும் என்று ஜோக் அடித்திருக்கிறேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கடிதம் ஏன் என்று முதல் கடிதத்தில் பெரிய விளக்கம் கொடுத்தாயே. எனக்கு இப்போது புரிகிறது. போனில் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். கடிதத்தில் "நலம்" என்று எழுதிவிடலாம். நான் நாலு குழாயில் ஏமாற்றினேன். நீ ஒவ்வொரு கடிதத்திலும் ஏமாற்றியிருக்கிறாய். இதில் யார் யாரைத் திட்டுவது?

உண்மையை எழுது. வருகிற வெள்ளிக்கிழமை நான் கிளம்புகிறேன். வராதே என்று எழுதினாலும் வருவேன்.

உன் தம்பி


ஆகஸ்ட் 18

தம்பி,

நான் நலமில்லை.

ஜனவரியில் தெரிந்தது. உன்னைப் போல எனக்கு ரத்தம்கூடப் போகவில்லை, வெறும் களைப்பு. நாள் முழுக்கப் பாக்டீரியாவைத் தேடுகிறவள் என் வயிற்றுக்குள் இரண்டு வருடமாகப் பார்க்கவில்லை, வேலை வேலை என்று தள்ளிப்போட்டேன். ஏப்ரலில் அறுத்து எடுத்தார்கள். இப்போது மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். அதில் விரல் நுனி மரத்துப்போகிறது, பேனா நிற்பதில்லை. பக்கத்து வீட்டு டீச்சர்தான் கஞ்சி கொடுக்கிறாள். அக்டோபர் வரை மருந்து இருக்கிறது. அதற்குப் பிறகு என்ன என்று டாக்டரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பார், நானும் உன் அக்காதான்.

முதலிலேயே சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாய்? அப்பா, சித்தப்பா, அக்கா என்று எண்ணிப் பார்த்துவிட்டு, அடுத்தது நான், இது விதி என்று அந்தக் குழிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பாய். எனக்கு உன்னைத் தெரியும். நீ பயப்படுகிற ஆள். உன்னைக் கோபப்படுத்தினால்தான் நகர்வாய். அதோடு, எனக்கும் பயமாக இருந்தது. யாரிடமும் சொல்லாத வரை அது கொஞ்சம் குறைவாக இருப்பது போலிருந்தது.

உன் வயிற்றிலிருந்து இரண்டு மொட்டைக் கிள்ளி எடுத்தார்கள் என்ற வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. கேட்டுக்கொள், இந்தத் தடவை நான் அழுதது நிஜமான சேதிக்கு.

வராதே என்று எழுதப் போவதில்லை. வா. லிஃப்ட் இன்னும் பழுதுதான். இரண்டாம் மாடியைத் தாண்டும்போது தகரத்தைக் கீறுகிற மாதிரி சத்தம் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. எந்தக் கம்பெனி என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வருகிற திங்கட்கிழமை எனக்கு அடுத்த மருந்து. போன தடவை டீச்சரும் கட்டடத்துக் காவல்காரரும் நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். எனக்கு அவமானமாக இருந்தது.

அழுவதானால் மேலே வந்து அழாதே. முதலில் கீழே லிஃப்டைச் சரிசெய். அதில் ஏறி மேலே வா. நான் வாசலில் நிற்கிறேன், என்னை அதில் கூட்டிக்கொண்டு கீழே போ.

உன் அக்கா